பட்டியல்ல இருக்கிற புக்கை ஒருதரம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல பிஎச்டி ஆய்வேடுகள்ல நடக்கிற காப்பி பத்தி அரைப் பக்கத்துக்கு கட்டுரை போட்டிருந்தீங்க, ரெண்டு தடவை படிச்சேன். நல்லா தான் இருந்துச்சு, ஆனா முழுக்க, தீசிஸ்ல எத்தனை சதவீதம் மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போகுதுன்னு சாஃப்ட்வேர் காட்டுற கணக்கு தான் ஓடுச்சு. 10-க்குள்ள இருந்தா தப்பிச்சாங்க, 10-ல இருந்து 40 வரைக்கும்னா 6 மாசத்துக்குள்ள திருத்திக் கொண்டு வரணும், 60 வரைக்கும் போச்சுன்னா ஒரு வருஷத்துக்கு திருப்பிக் கொடுக்கவே முடியாது, 60 தாண்டினா ரிஜிஸ்ட்ரேஷனே கேன்சல். 2018-ல யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, போட்ட விதி. எனக்கு அது தலைகீழ் பாடம், ஏன்னா ஒரு பல்கலைக்கழக வாசலுக்கு எதிர்த்தாப்ல 20 வருஷத்துக்கு மேல டைப்பிங் சென்டர் வச்சிருக்கேன், டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங், அட்டையில தங்க எழுத்து எல்லாம் நம்மகிட்டயே உண்டு. தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல்னு நான் அடிச்ச தீசிஸ் எத்தனைன்னு எண்ணி வைக்கல, பழைய சிடி மட்டும் ரெண்டு அட்டைப்பெட்டி கிடக்கு.

அந்தக் கட்டுரையில விட்டுப்போன ஒரு விஷயத்தைச் சொல்லத் தான் இந்தக் கடிதம். அதே 2018 விதியிலேயே ஒரு இடத்துல இருக்கு, எதையெல்லாம் சாஃப்ட்வேர் செக்கிங்ல சேர்க்கக் கூடாதுன்னு. ஆதாரம் காட்டி எடுத்துப் போட்ட மேற்கோள், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, அப்புறம் துணைநூற்பட்டியல், அதாவது எந்தெந்த நூலைப் பாத்து எழுதினோம்னு கடைசியில போடுற லிஸ்ட். பட்டியலை விட்டது நியாயம் தான், ஒரே புக்கை 100 பேர் படிச்சா 100 பேர் லிஸ்ட்லயும் அதே வரி தானே வரும், அதைப் போய் காப்பின்னு சொல்ல முடியுமா. ஆனா அதனால என்ன ஆகிப்போச்சுன்னா தீசிஸ்லயே மிஷினும் பாக்காத, மனுஷனும் பாக்காத இடம்னா அந்தக் கடைசி 15 பக்கம் தான். கைடு பாக்க மாட்டார், வெளியில இருந்து வர்ற தேர்வாளர் எத்தனை நூல்னு எண்ணிக்கையைப் பாப்பார், 200 தாண்டியிருந்தா பரவாயில்லையேம்பார். அந்த 15 பக்கத்தை யார் தயார் பண்றாங்கன்னு நினைக்கிறீங்க? பாதிக்குப் பாதி நான் தான் பண்றேன், அதுல இருக்கிற புக்ல நான் படிச்சது பத்து இருந்தா அதிகம்.

எப்படி நடக்குதுன்னு சொல்றேன். சப்மிஷனுக்கு முந்தின நாள் ராத்திரி 8 மணிக்கு ஒரு பையன் வருவான், கையில ஒரு மஞ்சப்பை. உள்ள ஜெராக்ஸ் தாள், நாலா மடிச்ச நோட்டு பேப்பர், பஸ் டிக்கெட் பின்னாடி எழுதின நூல் பேரு. "அண்ணே, இதை வச்சு லிஸ்ட் மட்டும் போட்டுருங்கண்ணே, காலையில பைண்டிங் போகணும்"பான். ஜெராக்ஸை எடுத்துப் பார்த்தா 45-ல இருந்து 60 பக்கம் வரைக்கும் இருக்கும், அட்டைப் பக்கமும் இருக்காது, பதிப்புரிமைப் பக்கமும் இருக்காது, பக்கத்தோட மேல் ஓரத்துல நூல் பேரு அச்சடிச்சிருக்கும்ல, அது ஜெராக்ஸ் கடைக்காரன் தாளை ஏத்தி வச்சதுல வெட்டுப்பட்டுப் போயிருக்கும். (அந்தக் கடைக்காரன் சில சமயம் நானே தான், ஒத்துக்கிறேன்.) இது என்ன புக்குடான்னு கேட்டா "பச்சை அட்டைண்ணே, லைப்ரரியில ரெண்டாவது ரேக்ல இருந்துச்சு"ன்னு சொல்வான். பச்சை அட்டையை நான் எந்த அகர வரிசையில வைக்க?

இதை விட மோசம் 'மேலது' விவகாரம். தமிழ்த் துறை தீசிஸ் பாத்தவங்களுக்குத் தெரியும், அடிக்குறிப்புல முதல் தடவை ஆசிரியர் பேரு, நூல் பேரு, பக்கம்னு முழுசா போட்டுட்டு அடுத்த குறிப்பும் அதே நூல்னா 'மேலது, ப.23'ன்னு போடுவாங்க. கையில எழுதின காலத்துல சரி. இப்ப வேர்டுல என்ன ஆகுதுன்னா, கைடு கடைசி நாள்ல "இந்த இடத்துல என் நூல்ல இருந்து ஒரு மேற்கோள் சேருப்பா"ன்னு சொல்வார், பையன் நடுவுல ஒரு குறிப்பைச் சொருகுவான், அவ்வளவு தான், அதுக்குக் கீழ வரிசையா இருக்கிற நாலு மேலதும் கைடு புக்குக்குப் போயிடும். பாவம் அவர் எழுதியிருக்கிறது 96 பக்க புக்கு, அதுல 'மேலது, ப.311'னு நிக்கும். ஒருதரம் நான் கண்டுபிடிச்சு சொன்னேன், பையன் முழிக்கிறான், அவனுக்கே அந்த நாலும் எந்த நூல்னு ஞாபகம் இல்ல. விடிய விடிய உக்காந்து தேடினோம், ரெண்டு தான் கிடைச்சுது. அதுல இருந்து நான் ஒரு விதி வச்சிருக்கேன், பைண்டிங்குக்கு முந்தின நாள் வரைக்கும் மேலதுன்னு ஒண்ணு கூட இருக்கக் கூடாது, எல்லாத்துலயும் நூல் பேரை முழுசா வை, எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா மாத்திக்கலாம். டைப்பிங்குக்கு காசு கூட ஆகுதேன்னு மொதல்ல சலிச்சுக்குவாங்க.

அப்புறம் இந்தப் பேரு. மு.வ.ன்னு ஒரு இடத்துல, மு. வரதராசன்னு ஒரு இடத்துல, வரதராசனார், மு.ன்னு இன்னொரு இடத்துல, டாக்டர் மு.வ.ன்னு நாலாவது இடத்துல, ஆக லிஸ்ட்ல நாலு பேரு. எண்ணிக்கை ஏறுதேன்னு பையனுக்கு சந்தோஷம். நமக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது, முன்னாடி நிக்கிறது அப்பா பேரோட தலை எழுத்து, ஆனா வெளிநாட்டு முறைக்காரங்களுக்குக் கடைசியா வர்றது தான் குடும்பப் பேரு. ஒரு பொண்ணு 'கவிதா எம்'னு இன்ஷியலைப் பின்னாடி போட்டுப் பழகிடுச்சுன்னு வைங்க, சாஃப்ட்வேர் அந்த எம்-ஐக் குடும்பப் பேருன்னு எடுத்துக்கிட்டு 'எம், கே.'ன்னு போட்டுடும். அந்தப் பொண்ணு எழுதின கட்டுரையை அப்புறம் எத்தனை பேர் மேற்கோள் காட்டினாலும் எல்லா லிஸ்ட்லயும் எம், கே. தான், வீட்ல கூட யாருக்கும் அது யாருன்னு தெரியாது. ஜோடெரோன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ஓசி தான், 2006-ல இருந்து இருக்கு, அதுல பேருக்கு ரெண்டு கட்டம் காட்டும், பக்கத்துல ஒரு சின்ன பட்டனை அமுக்கினா ஒரே கட்டமா மாறிடும், மு. வரதராசன்னு அப்படியே அடிச்சுக்கலாம். இந்த ஒரு பட்டனை யாராவது வகுப்புல காட்டியிருந்தா என் ராத்திரி தூக்கம் எவ்வளவோ மிச்சம்.

அகர வரிசை பத்திக் கேக்கவே வேணாம். பழைய ஆளுங்க இன்னும் பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சுக்கொண்டு வர்றாங்க. பாமினியில தமிழ்னு அடிக்கணும்னா கீபோர்டுல ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு அது இங்கிலீஷ் எழுத்து. அதை வரிசைப்படுத்துன்னு சொன்னா ய-வுக்கு ஏ எழுத்துங்கிறதால 'யாழ்ப்பாணம்'னு ஆரம்பிக்கிற நூல் முன்வரிசையில வந்து உக்காரும், அகத்தியர் நடுவுல எங்கயோ நிப்பார். யூனிகோடுக்கு மாறினா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன், அதுலயும் ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல கொடுத்திருக்கிற எண் வரிசைப்படி போனா ன-வும் ற-வும் நம்ம நெடுங்கணக்கு வரிசையில வராது, அதனால அந்த 15 பக்கத்தையும் இன்னைக்கும் கையால தான் நகர்த்துறேன். காப்பி கண்டுபிடிக்கிற மிஷினும் இந்த பாமினி பிடிஎஃப், ஸ்கேன் பண்ண படம் இதையெல்லாம் படிக்கத் திணறும், தமிழ் தீசிஸ் 3 சதவீதம் 4 சதவீதம்னு வந்தா உடனே மெச்சிக்காதீங்க.

ஊர் பேரு வேணுமா வேணாமாங்கிறது இன்னொரு சண்டை. ஏபிஏன்னு அமெரிக்க உளவியல் சங்கத்தோட மேற்கோள் முறை ஒண்ணு இருக்கு, அதோட 7-வது பதிப்பு 2019-ல வந்தப்போ பதிப்பகம் இருக்கிற ஊரைப் போட வேணாம்னுட்டாங்க. அவங்க வழக்கத்துக்கு அது சரியா இருக்கலாம், நம்ம பழைய நூலுக்கு ஊர் இல்லாம எப்படி? ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்துலயும் அச்சுக்கூடம் வச்சிருந்தார், சென்னையிலயும் வச்சிருந்தார். வருஷமும் அப்படித் தான், பழைய புக்குல பிலவ வருஷம் ஆவணி மாசம்னு மட்டும் போட்டிருக்கும். பிலவன்னா 1901-ஆ, 1961-ஆ, 2021-ஆ? 60 வருஷத்துக்கு ஒருக்கா வர்றது. தாளைத் தொட்டுப் பாத்தவனுக்குத் தெரியும், பிடிஎஃப்ல முதல் பக்கத்தை மட்டும் பாத்தவன் 1961-ன்னு போட்டுட்டுப் போயிடுவான், 60 வருஷம் அப்படியே காணாமப் போயிடும்.

பக்க எண்ணும் நம்ம ஊர் நூல் பலதுக்கு உதவாது. பாரதியார் எழுத்தோட உரிமையை 1949-லயே அரசாங்கம் வாங்கிட்டதால கவிதைகளை இன்னைக்கு எந்தப் பதிப்பகம் வேணா போடுது, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு பக்கம். 'பாரதியார் கவிதைகள், ப.112'ன்னு மட்டும் போட்டா அது விலாசம் இல்லாத தபால். திருக்குறளுக்கு பக்கம் போடுறவங்களைப் பாத்தா எனக்குக் கோபமே வந்துடும், குறள் 391-ன்னு போட்டா உலகத்துல எந்தப் பதிப்புல வேணா எடுத்துக்கலாமே. சங்கப் பாட்டும் அப்படித் தான், புறம். 192-ன்னா புறநானூத்துல அந்தப் பாட்டையே புடிச்சுடலாம்.

இதெல்லாம் சோம்பேறித்தனம், அவசரம், சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத குறை, நான் அப்படித் தான் எடுத்துக்குவேன். ஆனா இந்த ரெண்டு மூணு வருஷமா வர்றது வேற மாதிரி. போன மாசம் ஒருத்தர் பென்டிரைவ்ல லிஸ்ட்டை ரெடியா கொண்டு வந்தார், 140 நூல், புள்ளி கமா எல்லாம் அவ்வளவு சுத்தம். எனக்கு அந்த சுத்தம் தான் உறுத்துச்சு, ஆராய்ச்சி பண்ற ஆளோட லிஸ்ட் இவ்வளவு சுத்தமா இருந்து நான் பாத்ததே இல்ல. ஓட்டிப் பாத்தா ஒரு தமிழறிஞர், பேரைச் சொன்னா உங்க எல்லாருக்கும் தெரியும், அவர் காலமாகி பல வருஷம் கழிச்சு ஒரு புது நூல் எழுதியிருக்கார். மறுபதிப்பா இருக்குமோன்னு தமிழிணையம் மின்னூலகத்துல தேடினேன், இல்ல. இலங்கைக்காரங்களோட நூலகம் தளத்துல தேடினேன், இல்ல. ரோஜா முத்தையா நூலகத்து பட்டியல்லயும் இல்ல. ஆசிரியர் நிஜம், பதிப்பகம் நிஜம், தலைப்பும் அவர் எழுதக்கூடிய தலைப்பு தான், ஆனா புக்கு மட்டும் இல்ல. கேட்டேன். "ஏஐ கிட்ட கேட்டேன் அண்ணாச்சி, அதுவே கொடுத்துச்சு, தப்பாவா கொடுக்கும்?"ங்கிறார். அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்து தேடினதுல அந்த மாதிரி 17 தேறுச்சு.

இது நம்ம ஊரு வியாதி மட்டும்னு நினைக்காதீங்க. 2023-ல நியூயார்க்ல ஒரு கேஸ், விமானத்துல சாப்பாட்டு வண்டி முழங்கால்ல இடிச்சுடுச்சுன்னு ஒரு பயணி போட்டது, அதுல வக்கீலுங்க சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை அப்படியே மனுவுல மேற்கோள் காட்டிட்டாங்க, எதிர்க்கட்சி வக்கீல் தேடினா அப்படி ஒரு தீர்ப்பே எந்தக் கோர்ட்லயும் இல்ல, ஜட்ஜ் 5000 டாலர் அபராதம் போட்டார். ஏஐ வர்றதுக்கு முன்னாடியே பெரிய கூத்து ஒண்ணு நடந்திருக்கு. எல்சவியர்னு பெரிய பதிப்பகம், கட்டுரை அனுப்புறவங்களுக்கு லிஸ்ட் எப்படிப் போடணும்னு காட்ட 'அறிவியல் கட்டுரை எழுதும் கலை'ங்கிற அர்த்தத்துல ஒரு கற்பனைக் கட்டுரையை மாதிரிக்கு வச்சிருந்தாங்க, அது வந்ததா போட்டிருந்த பத்திரிகைன்னு ஒண்ணே உலகத்துல கிடையாது. அந்தக் கட்டுரையை கிட்டத்தட்ட 400 ஆய்வுக் கட்டுரையில மேற்கோள் காட்டியிருக்காங்க. நெதர்லாந்துல ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருத்தர் சந்தேகப்பட்டு நோண்டப் போயி 2017-ல விஷயம் வெளிய வந்துச்சு. பல பேரு மாதிரித் தாள்ல இருந்ததை அழிக்க மறந்து அப்படியே அனுப்பியிருக்காங்களாம். அனுப்பினவங்க பாக்கல, திருத்தினவங்க பாக்கல, அச்சடிச்சவங்களும் பாக்கல. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு என் கடையே கண் முன்னாடி வந்துச்சு.

ஒரு கைடு (நல்ல மனுஷர், பேரு வேணாம்) என்கிட்ட டீ குடிச்சுக்கிட்டே சொன்னார், "இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்த பழக்கம்ப்பா, நமக்கு ஒட்டாது"ன்னு. ஐயா, அதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். தொல்காப்பியத்துல முதல் நூற்பாவே எழுத்து முப்பதுன்னு சொல்லும்போது 'முப்பஃது என்ப'ன்னு தானே வருது, நானா சொல்லல, அப்படிச் சொல்றாங்கன்னு. தொல்காப்பிய நூற்பாவை அப்படியே எடுத்து வச்சுக்கிட்ட நன்னூலார் ஏன் எடுத்தேன்னு சொல்லவே தனியா ஒரு சூத்திரம் வச்சிருக்கார், முன்னோர் சொன்ன பொருளை மட்டும் இல்ல, அவங்க சொன்ன சொல்லையும் பொன் மாதிரி போற்றுவோம்னு காட்டத் தான் பழைய சூத்திரத்தைச் சொல்றதுன்னு. உ.வே.சா. பதிப்பு எதை வேணா எடுத்துப் பாருங்க, எந்த மடத்து ஏடு, எந்த ஊர்ல யார் வீட்டு ஏடுன்னு முகவுரையிலேயே வரிசையா எழுதியிருப்பார். 1887-ல சிந்தாமணி போட்டவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க எந்த யுஜிசி இருந்துச்சு?

இன்னொண்ணும் இருக்கு, இது எனக்கு டைப் அடிச்சு அடிச்சுத் தான் புரிஞ்சுது. ஐம்பெருங்காப்பியம்னு பெருமையா சொல்றோம்ல, அதுல வளையாபதி 70 சொச்சம் பாட்டும் குண்டலகேசி 19 பாட்டும் தான் கையில இருக்கு, அந்த அளவாவது இருக்குதுன்னா உரைக்காரங்க எடுத்துக்காட்டாச் சொன்னதாலயும் புறத்திரட்டு மாதிரி தொகை நூல்ல யாரோ சேர்த்து வச்சதாலயும் தான். தகடூர் யாத்திரைங்கிற பழைய நூலும் அப்படிப் பொறுக்கி எடுத்தது தான். மயிலை சீனி. வேங்கடசாமி இந்த மாதிரி தொலைஞ்சு போன நூலையெல்லாம் தேடி 1959-ல ஒரு புத்தகமே போட்டார். ஆனா அந்த உரைக்காரங்க பாதி இடத்துல நூல் பேரைச் சொல்லாம 'என்றார் பிறரும்'னு முடிச்சுட்டுப் போயிட்டாங்க. அந்தப் பாட்டெல்லாம் எந்த நூல், யாரு பாடினதுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது, பெத்தவங்க பேரு தெரியாத பிள்ளைங்க மாதிரி நிக்குது. அவங்களைக் குத்தம் சொல்லல, அந்தக் காலத்துல படிக்கிறவனுக்கு அடி எடுத்துக் கொடுத்தாலே எந்த நூல்னு தெரிஞ்சிருக்கும். ரெண்டாவது ரேக் பச்சை அட்டைன்னு சொல்றானே நம்ம பையன், அவனும் அந்த நம்பிக்கையில தான் சொல்றான்.

சரி, என்ன பண்ணலாம்னு கேட்டா எனக்குப் பெரிய திட்டம் எல்லாம் தெரியாது. வாய்மொழித் தேர்வு அன்னைக்கு தேர்வாளர் பட்டியல்ல ஏதாவது அஞ்சு நூலைத் தொட்டுக் காட்டி "இதை எடுத்துட்டு வாப்பா, நீ மேற்கோள் காட்டின பக்கத்தைப் புரட்டு"ன்னு கேட்டா போதும், ஜெராக்ஸ் இருந்தாலும் சரி, போன்ல படம் இருந்தாலும் சரி. 200 நூலையும் யாரும் பாக்க வேணாம். பஸ்ல எல்லார் டிக்கெட்டையுமா செக்கிங் பாக்குறான், எப்ப ஏறுவான்னு தெரியாததால தானே எல்லாரும் டிக்கெட் எடுக்குறோம். அப்புறம் முதல் வருஷத்துலயே ஒரு நாள், ஒரே ஒரு நாள், புக்கைக் கையில எடுத்த உடனே மொதல்ல அட்டையையும் பதிப்புரிமைப் பக்கத்தையும் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோ, அப்புறம் தான் உள்ள போன்னு சொல்லிக் கொடுங்க. என் கடைக்கு வர்ற பிள்ளைங்ககிட்ட நான் இதைத் தான் சொல்றேன், ரெண்டு பொண்ணுங்க அதே மாதிரி பண்ணி வச்சிருந்து அவங்க லிஸ்ட்டை முக்கால் மணி நேரத்துல முடிச்சேன், காசும் கம்மியா தான் வாங்கினேன்.

கடைசியா உங்க பேப்பருக்கே ஒரு வேண்டுகோள். பிள்ளைங்க உங்க கட்டுரைகளை வெட்டிக் கொண்டு வர்றாங்க, தேதி பக்கத்தோட உச்சியில ஓரத்துல இருக்கிறதால வெட்டும்போது போயிடுது, மதுரைப் பதிப்புல 6-ம் பக்கம் வந்தது சென்னைப் பதிப்புல 8-ம் பக்கம் வருது, வாட்சப்ல சுத்துறதுக்கு அதுவும் இல்ல. ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில பொடி எழுத்துல தேதியும் எந்த ஊர்ப் பதிப்புன்னும் ஒரு வரி போட முடியுமா பாருங்க. போன வாரம் நீங்க போட்ட அந்தக் காப்பிக் கட்டுரையையே ஒரு பொண்ணு நேத்து வெட்டிக் கொண்டு வந்து லிஸ்ட்ல சேக்கணும்னு நிக்குது, தேதி இல்ல. பழைய பேப்பர் கட்டைப் பிரிச்சுத் தேடித் தான் எழுதிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
டைப்பிங் சென்டர் வச்சிருக்கிற உங்க நெடுநாள் வாசகர்